குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை என்று விற்கப்பட்ட பெஸ்டோ

பெஸ்டோ என்பது துளசி இனத்தைச் சேர்ந்த பேசில் இலை, பூண்டு, பைன் கொட்டை, பாலாடைக்கட்டி ஆகியவற்றை ஆலிவ் எண்ணெயோடு சேர்த்து அரைக்கும் இத்தாலிய விழுது. அதை வீட்டிலேயே அரைத்து விற்கும் ஒருவரிடம் நான் இரண்டு முறை வாங்கினேன். முதல் குப்பியைச் சமையலறை அலமாரியிலேயே வைத்து, மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு முடித்தபோது எனக்கு எந்தத் தீங்கும் நேரவில்லை. ஒன்றும் நேராத அந்த அனுபவமே இரண்டாம் முறை என்னை ஏமாளியாக்கியது. “பதப்படுத்தும் பொருள் எதுவும் சேர்க்கப்படவில்லை, ஆலிவ் எண்ணெயே பாதுகாப்பு, குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை, ஆறு மாதம் கெடாது” என்று குப்பியின் மேல் அச்சிட்டிருந்ததை நான் விற்பவரின் நேர்மைக்குச் சான்றாக எடுத்துக்கொண்டேன். உண்மையில், அந்த நான்கு கூற்றுகளும் ஒன்றாக இருந்ததைக் கண்டவுடனேயே நான் விலகியிருக்க வேண்டும்.

இரண்டாம் குப்பி வந்தபோதே அதன் தகர மூடி நடுவில் சற்று உப்பியிருந்தது. திறந்ததும் காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. எண்ணெய் விளிம்பைத் தாண்டி வழிந்தது. பச்சை விழுதுக்குள்ளிருந்து சிறு குமிழிகள் மேலே வந்துகொண்டிருந்தன. உப்பிய மூடியைத் திறந்ததே தவறு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முகர்ந்து பார்த்தேன், அதுவும் தவறுதான். பேசில் இலையும் பூண்டும் கலந்த நல்ல மணமே வந்தது என்பதையும், அந்த மணத்தை நம்பி ஒரு கரண்டி எடுக்கப் போனேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். கை எண்ணெயில் பட்டு மேலொட்டு நனைந்து நழுவியபோது, அதன் அடியில் இன்னொரு ஒட்டுத்தாள் தெரிந்தது. அதில் இருந்த தயாரிப்புத் தேதி, மேலே இருந்ததைவிட நான்கு மாதம் பழையது.

படங்களுடன் விற்பவருக்கு எழுதினேன். “இலை உயிருள்ள பொருள் சார், கொஞ்சம் புளிக்கத்தான் செய்யும். மேலாக இருப்பதை வழித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். குப்பிகளைக் கொதிநீரில் போட்டு எடுத்துத்தான் நிரப்புகிறேன், வாசனை நன்றாக இருந்தால் பயமே இல்லை” என்று பதில் வந்தது. தேதியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பணத்தைவிட இந்தப் பதில்தான் என்னை இந்தப் பதிவை எழுத வைத்தது, ஏனென்றால் இதில் உள்ள ஒவ்வொரு வாக்கியமும் ஒருவரை மருத்துவமனைக்கு அனுப்பக்கூடியது.

எண்ணெய் காற்றைத் தடுக்கும் என்பது உண்மைதான். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் மண்ணில் இருப்பவை, பூண்டோடும் இலையோடும் எளிதாக வந்து சேர்பவை. பிராணவாயு இல்லாத, ஈரமுள்ள, பிஎச் அளவு 4.6-க்கு மேல் இருக்கும், அதாவது போதிய புளிப்பில்லாத இடத்தில், அறை வெப்பநிலையில் அவை முளைத்து நச்சை உண்டாக்குகின்றன. எண்ணெயில் மூழ்கிய பூண்டு விழுது இந்த எல்லா நிபந்தனைகளையும் நிறைவேற்றிவிடுகிறது. கொதிநீரின் 100 பாகை வெப்பத்தில் அந்த வித்துகள் சாவதில்லை. அவற்றை அழிக்க அழுத்தத்தின் கீழ் 121 பாகை தேவை. குப்பியைக் கொதிக்க வைத்தாலும், உள்ளே போடும் இலையும் பூண்டும் பச்சையாகத்தானே போகின்றன? கடையில் அலமாரியில் நிற்கும் ஆலைத் தயாரிப்புகள் அமிலம் சேர்த்துச் சூடாக்கப்பட்டவை. அவற்றை முன்மாதிரியாகக் காட்டி வீட்டு விழுதை விற்பது பொருந்தாது. 1985-இல் கனடாவின் வான்கூவரில், எண்ணெயில் இட்டுக் குளிரூட்டாமல் வைத்திருந்த நறுக்கிய பூண்டினால் முப்பதுக்கும் மேற்பட்டோர் பொட்டுலிசத்துக்கு, அதாவது இந்த நச்சால் வரும் நோய்க்கு, ஆளானார்கள். இந்த நச்சுக்கு மணமும் இல்லை, சுவையும் இல்லை. குப்பி உப்பினால் அது எச்சரிக்கை. உப்பாவிட்டால் அது நற்சான்று அல்ல.

இதையெல்லாம் படித்த பிறகு, நிறம் மாறியதைப் பார்த்தே நான் முன்பு பல முறை நல்ல பெஸ்டோவைக் கொட்டியிருக்கிறேன் என்பதும் புரிந்தது. மேற்பரப்பு பழுப்பது காற்று பட்டு இலை நிறம் மாறுவதால்தான். குளிரில் எண்ணெய் வெண்மையாக உறைவதும் கெடுதல் அல்ல, சற்று நேரம் வெளியே வைத்தால் தெளிந்துவிடும். பழைய வண்ணப்பூச்சைப் போன்ற சிக்கு வாடை வந்தால் எண்ணெயோ பைன் கொட்டையோ காறிப்போயிருக்கிறது. பஞ்சு போன்ற பூஞ்சணம் ஓரிடத்தில் தெரிந்தாலும் குப்பி முழுவதும் குப்பைக்குத்தான். மென்மையான விழுதில் அதன் இழைகள் கண்ணுக்குத் தெரியாத ஆழத்துக்குப் போயிருக்கும் என்பதால், வழித்துவிட்டுச் சாப்பிடுங்கள் என்ற அறிவுரையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இப்போது நானே அரைக்கிறேன். அரைத்தவுடன் 4 பாகைக்குக் கீழே வைத்து, மூன்று நான்கு நாளுக்குள் முடிக்கிறேன். மேலே எண்ணெய் ஊற்றுவது நிறத்துக்காக மட்டுமே, அதனால் ஒரு நாள்கூடக் கூடுதலாகக் கிடைப்பதில்லை. மிஞ்சுவதைப் பனிக்கட்டித் தட்டின் குழிகளில் நிரப்பி உறைய வைத்து, உறைந்ததும் பையில் மாற்றி, தேதி எழுதி உறைபெட்டியில் வைத்தால் சில மாதங்கள் தாங்கும். பாலாடைக்கட்டியை, உறைந்த விழுது இளகிய பிறகு சேர்த்தால் சுவை நன்றாக இருக்கிறது. கடையில் வாங்கியதைத் திறந்துவிட்டால் அதையும் குளிரில் வைத்து, ஒட்டுத்தாளில் உள்ள நாள் கணக்கையே பின்பற்றுகிறேன்.

இத்தகைய குப்பியிலிருந்து ஏற்கெனவே சாப்பிட்டவர்கள், பார்வை மங்குதல் அல்லது இரட்டையாகத் தெரிதல், இமை தொங்குதல், நாக்குழறல், விழுங்க முடியாமை ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் சென்று, என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்தில் தெரியவரும், சிலருக்குப் பல நாள் கழித்தும் வரலாம். நச்சு முறிவு மருந்து எவ்வளவு முன்னதாகக் கொடுக்கப்படுகிறதோ அவ்வளவு நல்லது.

என் குப்பியைக் கழுவித் தொட்டியில் ஊற்றாமல், இரண்டு பைகளுக்குள் கட்டி அப்புறப்படுத்தி, எண்ணெய் சிந்திய மேடையை வெளுப்பு நீரால் துடைத்தேன். மூன்றாம் முறை எழுதிய பிறகு விற்பவர் பாதிப் பணத்தை மட்டும் திருப்பித் தந்தார், அதுவும் “நல்லெண்ண அடிப்படையில்” என்ற குறிப்போடு. நேற்று பார்த்தபோது அதே பெஸ்டோ விற்பனையில் இருந்தது. ஆறு மாதம் என்பது இப்போது எட்டு மாதம் ஆகியிருக்கிறது.