எங்கள் ஊர் கிளை அஞ்சலகம்: விதைநெல் அனுப்புகிறவனின் மதிப்பீடு

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்கள் ஊர். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, தூயமல்லி என்று பாரம்பரிய விதைநெல்லை ஒரு கிலோ, இரண்டு கிலோ பைகளாகக் கட்டி வெளியூருக்கு அனுப்புகிறேன். கூரியர்காரர்கள் டவுனோடு நின்றுவிடுவார்கள். வாங்குகிறவரும் பெரும்பாலும் கிராமத்து ஆள்தான், அங்கேயும் கூரியர் எட்டாது. எனக்குத் தபால் ஆபீஸை விட்டால் வேறு வழி கிடையாது.

நாட்டில் சுமார் 1,64,000 அஞ்சலகங்கள் இருக்கின்றன, பத்தில் ஒன்பது கிராமங்களில். எங்களுடையது ஓட்டு வீட்டின் முன்னறை. ஒரு மேசை, ஒரு தராசு, சிவப்புப் பெட்டி, ஒரு செல்போன், அவ்வளவுதான். போஸ்ட்மாஸ்டராக இருக்கிற பெண் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர். பையை வாங்கியதும் முதலில் தையலைத்தான் தடவிப் பார்ப்பார். "அண்ணே, இந்த மூலையில இன்னொரு தையல் போட்ருங்க. சிந்துச்சுன்னா எலி விடாது" என்று மேசை இழுப்பறையிலிருந்து கோணி ஊசியும் சணலும் எடுத்துக் கொடுப்பார். ஆடி பிறந்து சம்பா விதைக்கு ஆட்கள் கேட்கத் தொடங்கினால், என் பைகளே அந்த அறையில் பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அவருக்கு முழு மார்க்.

மாதம் 15ஆம் தேதியை ஒட்டி அங்கே போய்ப் பாருங்கள். மகளிர் உரிமைத் தொகை எடுக்கப் பெண்கள் நடவு வயலிலிருந்து அப்படியே வருவார்கள். சேற்றிலும் நாற்றிலும் கிடந்த விரலில் ரேகையே தேய்ந்துபோயிருக்கும், கருவி எடுக்காது. போஸ்ட்மாஸ்டர் ஈரத்துணியால் துடைத்துவிடுவார், தலைமுடியில் விரலைத் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றச் சொல்வார், கட்டைவிரல் போய் ஆள்காட்டி விரல், அதுவும் போய் அடுத்த கை. "ஆத்தா, அழுத்தாம லேசா வைங்க." இதற்கு ஒரு விடிவாக, முகத்தைக் காட்டிப் பணம் எடுக்கும் வசதியை 2025 ஆகஸ்டில் இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி கொண்டுவந்தது. உண்மையிலேயே நல்ல காரியம். ஆனால் அதற்கும் சிக்னல் வேண்டும்.

இனி அமைப்பைப் பற்றி. இந்தக் கிராம அஞ்சல் ஊழியர்களுக்குக் கணக்கில் 4 அல்லது 5 மணி நேர வேலைதான். 2018-ல் திருத்தியபோது கிளை போஸ்ட்மாஸ்டருக்கு தினம் 4 மணி நேர வேலைக்கு மாதம் 12,000 ரூபாய், 5 மணி நேரத்துக்கு 14,500 ரூபாய் என்று தொடக்கப் படி வைத்தார்கள். அகவிலைப்படி தனி. அலுவலகத்துக்கு இடத்தையும் அவரேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அரசாங்கத்தின் பெயர்ப்பலகை தொங்குகிற அறைக்கு, பாதி நாள் ஊழியர் வாடகை கொடுக்கிறார்! சேமிப்புக் கணக்கு, செல்வமகள், காப்பீடு, ஓய்வூதியர் உயிர்வாழ் சான்று என்று புதுப்புது வேலைகளை மட்டும் மேலிருந்து இறக்கிக்கொண்டே இருக்கிறார்கள். முழு நாள் வேலை, முழுச் சம்பளம், துறையே கொடுக்கும் கட்டடம் என்று தொடங்காத சீர்திருத்தம் எங்கள் ஊரை எட்டாது.

சட்டத்தையும் மாற்றியாயிற்று. 1898ஆம் வருடச் சட்டம் போய், 2023ஆம் வருட அஞ்சலகச் சட்டம் 2024 ஜூன் 18 முதல் நடப்பில் இருக்கிறது. கட்டணம் போன்றவற்றுக்கு விதி செய்யும் அதிகாரம் தலைமை இயக்குநருக்கு வந்துவிட்டது. சரி, வேகமாக முடிவெடுக்கட்டும். ஆனால் ஒரு பொருள் தொலைந்தாலோ தாமதமானாலோ, விதிகளில் சொன்ன அளவுக்கு மேல் அஞ்சலகம் பொறுப்பாகாது என்று அதே சட்டம் சொல்கிறது. அந்த விதியை எழுதுவதும் அரசு, அஞ்சலகத்தை நடத்துவதும் அரசு. விதைப்புப் பருவம் தப்பி வந்து சேரும் விதைநெல் அரிசிக்குத்தான் ஆகும், அந்த நஷ்டத்தை யார் கேட்பது? துறைக்கு வெளியே, புகாரைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் ஒரு தனி அமைப்பு வேண்டும். இதை நான் அழுத்தமாகவே கேட்கிறேன்.

பதிவுத் தபாலை 2025-ல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். கோயில் நிலக் குத்தகை நோட்டீஸ் வருகிற எங்கள் பக்கத்தில், கையெழுத்து வாங்கிக்கொண்டு உரியவரிடமே கொடுப்பது முக்கியம். ஸ்பீட் போஸ்ட்டில் அந்த ஏற்பாடு வேண்டுமென்றால் 5 ரூபாயும் ஜிஎஸ்டியும் கூடுதலாகக் கட்டிக் கேட்டு வாங்க வேண்டும். கவுன்டரில் வாய்விட்டுக் கேளுங்கள், பலருக்கு இது தெரியவில்லை.

பார்சல் போடுகிறவர்கள் காலையிலேயே போய்விடுவது நல்லது. தபால் பை சப் ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டால் உங்கள் பொருள் மறுநாள்தான் நகரும். சில்லறையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பெண்ணிடம் எப்போதும் இருக்காது.