நோட்டு உடைவதில்லை, பாட்டு வரிதான் உடைகிறது: மியூஸ்கோர் 4

இசைக்குறி எழுதும் மென்பொருளான மியூஸ்கோரில் நான்கு குரலுக்கு எழுதிய ஒரு பாமாலையை இன்னொருவருக்கு அனுப்பினால், அவர் திரையில் எழுதியது எழுதியபடியே தெரியுமா? இந்த விமர்சனம் அந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஒலி எப்படி, எழுதும் வேகம் எப்படி என்று சொல்ல நிறைய வீடியோக்கள் இருக்கின்றன. அனுப்பும் கதையை யாரும் சரியாகச் சொல்வதில்லை.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். கிளெஃப், நோட்டு, ஷார்ப், ஸ்லர் போன்ற இசைக்குறிகள் எல்லாம் பத்திரமாகப் போய்ச் சேரும். அடியில் இருக்கும் தமிழ் வரிக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. அனுப்புகிறவர் மூன்று நான்கு இடங்களில் கை வைத்தால்தான் அதுவும் போய்ச் சேரும்.

தொடங்கும் முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். மியூஸ்கோர் என்ற பெயரில் இரண்டு தளங்கள் உண்டு. டாட் ஆர்கில் இருப்பது மென்பொருள். முழுக்க இலவசம், மூலநிரலும் திறந்தது. டாட் காமில் இருப்பது ஸ்கோர்களை (இசைத் தாள்களை) பகிரும் தளம். அங்கேதான் சந்தா கேட்பார்கள். மென்பொருளை இறக்கும்போது கார்டு எண் கேட்டால் தப்பான வாசலில் நிற்கிறோம் என்று அர்த்தம்.

நோட்டு ஏன் உடைவதில்லை என்பதைப் புரிந்துகொள்ள, முன்பு ஏன் உடைந்தது என்று பார்க்க வேண்டும். பாமினி என்ற பழைய தமிழ் ஃபாண்டில் தட்டச்சு செய்தவர்களுக்கு இது கைவந்த விஷயம். பாமினி இல்லாத கணினியில் 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகளாக வந்து நிற்கும். கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்து. மேலே போர்த்திய சட்டைதான் தமிழ். இசை ஃபாண்டுகளும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தன. அடோபி 1986இல் வெளியிட்ட சொனாட்டா ஃபாண்டில் ட்ரெபிள் கிளெஃப் இருந்த இடம் '&' குறி. பேஸ் கிளெஃப் கேள்விக்குறியின் இடத்தில். ஃபினாலே மென்பொருளின் பெட்ருச்சி, மாஸ்ட்ரோ ஃபாண்டுகளும் அதே வழியில் போயின. அதனால் ஃபாண்ட் இல்லாத கணினியில் ஸ்டாஃபின் (நோட்டு எழுதும் ஐந்து கோடுகளின்) தொடக்கத்தில் ஒரு '&' உட்கார்ந்திருக்கும்; நோட்டுகள் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள் இறைந்து கிடக்கும்.

இதற்கு முடிவு கட்டியது ஸ்மூஃபிள் என்ற தரம். ஸ்டைன்பெர்க் நிறுவனத்தில் டோரிக்கோ என்ற இசை எழுதும் மென்பொருளை உருவாக்கிய குழு அதை 2013இல் அறிவித்தது. எல்லா மொழி எழுத்துக்கும் எண் தரும் யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் ஒவ்வொரு இசைக்குறிக்கும் ஓர் இடம் ஒதுக்கிவிட்டார்கள். எந்த ஸ்மூஃபிள் ஃபாண்டை எடுத்தாலும் ட்ரெபிள் கிளெஃப் ஒரே எண்ணில்தான் இருக்கும். டோரிக்கோவின் பிராவுரா, மியூஸ்கோர் 3.6இலிருந்து வரும் லேலண்ட் இரண்டும் இந்த வகை. போதாக்குறைக்கு மியூஸ்கோர் தன் இசை ஃபாண்டுகளைத் தன்னோடே நிறுவிவிடுகிறது. எதிர்முனையில் இருப்பவர் தனியாக ஒன்றும் நிறுவ வேண்டாம். அந்த வகையில் முழு மதிப்பெண்.

இனி உடையும் இடம். மியூஸ்கோர் கோப்பு (எம்எஸ்சிஇசட்) என்பது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். பெயரின் வாலை ஜிப் என்று மாற்றித் திறந்து பார்த்தால் உள்ளே ஸ்கோர், ஸ்டைல் கோப்பு, சிறுபடம், ஒலி அமைப்பு என்று கிடக்கும். ஃபாண்ட் கிடையாது. எழுத்துக்கு எந்த ஃபாண்ட் என்ற பெயர் மட்டும் எழுதியிருக்கும்.

மியூஸ்கோரில் பாட்டு வரிக்கான இயல்பு ஃபாண்ட் எட்வின். அதில் தமிழ் எழுத்துகள் இல்லை. ஆனாலும் தமிழ் தெரிகிறதே என்றால், கணினி தன் கையில் இருக்கும் ஏதோ ஒரு தமிழ் ஃபாண்டை நுழைத்துச் சமாளிக்கிறது. விண்டோஸில் பெரும்பாலும் நிர்மலா, மேக்கில் தமிழ் சங்கம் எம்என் அல்லது தமிழ் எம்என், லினக்ஸில் நோட்டோவோ லோகித்தோ. ஒவ்வொன்றுக்கும் எழுத்தின் அகலம் வேறு. 'ஸ்தோத்திரம்' போன்ற சொல் ஒன்றில் கொஞ்சம் அகலமாக விழுந்தால், மியூஸ்கோர் நோட்டுகளைத் தள்ளி வைக்கும். ஒரு வரியில் நான்கு பாருக்கு (தாள அளவுப் பகுதிக்கு) பதில் மூன்று பார். இரண்டு பக்கத்தில் முடிந்த பாட்டு மூன்றாம் பக்கத்தில் ஒற்றை வரியோடு தொங்கும். 'இரண்டாம் பக்கம் மூன்றாவது வரி' என்று கொயர் மாஸ்டர் சொல்லும்போது ஆல்ட்டோ ஒரு இடத்திலும் டெனர் வேறிடத்திலும் நிற்பார்கள். திரையில் எல்லாமே அழகாகத்தான் தெரியும், அதனால்தான் இந்தக் கோளாறு கண்ணில் படுவதில்லை. மென்பொருளும் சத்தமில்லாமல் மாற்று ஃபாண்டுக்குப் போய்விடுகிறது. இங்கே பெரிய கழித்தல்.

தீர்வு, தமிழ் ஃபாண்டைப் பெயர் சொல்லி நிறுத்துவது. நோட்டோ செரிஃப் தமிழ் அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம், பகிரவும் உரிமம் தடை செய்யாது. கூகுள் ஃபாண்ட்ஸிலிருந்து இறக்கும் ஜிப்பில் 'வேரியபிள்' ஃபாண்ட் ஒன்றும், 'ஸ்டாட்டிக்' என்ற உறைக்குள் தனித்தனித் தடிமன்களும் இருக்கும். ஸ்டாட்டிக்கில் இருக்கும் ரெகுலர், போல்ட் இரண்டை மட்டும் நிறுவுங்கள்; கோப்புக்குள் ஃபாண்ட் போகாது என்பதால், மூலக் கோப்பைப் பெறுகிறவரும் அதே இரண்டை நிறுவ வேண்டும். வேரியபிளை வைத்து பிடிஎஃப் எடுத்தால் தடிமன் மாறி விழ வாய்ப்பு உண்டு.

பிறகு ஃபார்மேட், ஸ்டைல், டெக்ஸ்ட் ஸ்டைல்ஸ் என்று போனால் பாட்டு வரிக்கு இரண்டு பதிவுகள் தெரியும்: ஒற்றைப்படை வரி, இரட்டைப்படை வரி. இரண்டையும் மாற்ற வேண்டும். பலர் முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு எழுந்துவிடுவார்கள். முதல் சரணமும் மூன்றாம் சரணமும் நோட்டோவில் வரும். இரண்டும் நான்கும் பழையபடி கணினி கொடுத்த ஃபாண்டில் கிடக்கும். நான்கு சரணத்தையும் ஒரே ஸ்டாஃபின் கீழ் அடுக்கும் பாமாலைக்கு இது அசிங்கமாகவே தெரியும். தலைப்பு, துணைத்தலைப்பு, இயற்றியவர், ஸ்டாஃப் டெக்ஸ்ட் ஆகியவற்றில் தமிழ் இருந்தால் அவற்றுக்கும் அதே வைத்தியம்.

அதே பெட்டியில் 'எல்லா பார்ட்டுக்கும் பயன்படுத்து' என்ற பொத்தான் இருக்கிறது. ஒவ்வொரு பார்ட்டும் (ஒரு குரலுக்கான தனித்தாள்) தனக்கென்று ஒரு ஸ்டைலை வைத்துக்கொள்வதால், முழு ஸ்கோரில் செய்த மாற்றம் ஏற்கெனவே உருவாக்கிய பார்ட்டுக்குத் தானாகப் போகாது. அழுத்த மறந்தால் கண்டக்டர் தாள் ஒரு ஃபாண்டிலும் பாடகர் தாள் வேறு ஃபாண்டிலும் வரும். எல்லாம் முடிந்ததும் ஸ்டைலைத் தனிக் கோப்பாகச் சேமித்து, ப்ரிஃபரன்ஸில் இயல்பு ஸ்டைலாகக் காட்டிவிட்டால் அடுத்த பாட்டுக்கு இந்த வேலை இல்லை.

பாடுகிறவருக்கு மூலக் கோப்பு எதற்கு? அவருக்கு பிடிஎஃப் போதும். ஃபைல், எக்ஸ்போர்ட் வழியாக எடுத்தால் மியூஸ்கோர் ஃபாண்டை உள்ளேயே பொதிந்துவிடும்; முழு ஃபாண்டையும் அல்ல, பாட்டில் பயன்பட்ட எழுத்துகளை மட்டும். அடோபி ரீடரில் கண்ட்ரோல்+டி அழுத்தி ஃபாண்ட்ஸ் பக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 'எம்பெடட் சப்செட்' என்று இருக்க வேண்டும். லினக்ஸில் பிடிஎஃப்ஃபாண்ட்ஸ் என்ற கட்டளை அதையே பட்டியலாகத் தரும்; பெயருக்கு முன்னால் ஆறு ஆங்கிலப் பெரிய எழுத்தும் ஒரு கூட்டல் குறியும் இருந்தால் சப்செட் பொதிந்திருக்கிறது என்று பொருள். நோட்டோ என்று தேர்ந்தெடுத்த பிறகும் அந்தப் பட்டியலில் நிர்மலா தலைகாட்டினால், ஏதோ ஒரு மூலையில் ஒரு தமிழ்ச் சொல் எட்வினிலேயே விடுபட்டிருக்கிறது. பெரும்பாலும் இயற்றியவர் பெயர்தான்.

சில ஃபாண்டுகள் பொதியவே இடம் கொடுக்காது. உள்ளே உரிமக் குறி ஒன்று இருக்கும். 'தடை' என்று அதில் இருந்தால் மென்பொருள் அதை மதிக்கும். விலைக்கு வாங்கிய அலங்காரத் தமிழ் ஃபாண்டில் தலைப்பு போடுகிறவர்கள் கவனிக்க.

பிடிஎஃப் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. சப்செட் என்பதால் எதிர்முனையில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்த முயன்றால், தேவைப்படும் எழுத்தே உள்ளே இல்லாமல் போகலாம். வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினாலும் 'கொ', 'கெ' போன்றவற்றில் கொம்பு முன்னே பின்னே இடம் மாறும். வரிகள் வேண்டும் என்று கேட்டால் தனியே அனுப்புவதே மரியாதை.

வாட்ஸ்அப்பில் ஒரு கண்ணி இருக்கிறது. பக்கத்தைப் பிஎன்ஜி படமாக எடுக்கும்போது 'ட்ரான்ஸ்பரன்ட் பின்புலம்' என்ற கட்டத்தைப் பாருங்கள். டிக் இருந்தால் தாளின் வெள்ளை போய்விடும். டார்க் மோடில் திறப்பவருக்குக் கறுப்பின் மேல் கறுப்பு நோட்டு. டிக்கை எடுத்துவிட்டு 300 டிபிஐ வைத்து, புகைப்படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்ப வேண்டும். புகைப்படமாகப் போனால் சுருக்கிவிடுவார்கள், ஸ்டாஃபின் ஐந்து கோடுகளும் மங்கிப்போகும். இவ்வளவு பாடுபடுவதற்கு பிடிஎஃப்பையே டாக்குமென்டாக அனுப்பிவிடலாம்.

திருத்த வேண்டியவரிடம் வேறு மென்பொருள் இருந்தால், ஸ்கோரை மென்பொருள்களுக்கிடையே பரிமாறும் பொதுக் கோப்பு வடிவமான மியூசிக்எக்ஸ்எம்எல்தான் வழி. 2004இல் 1.0 பதிப்பு வந்தது, இப்போது 4.0. இதில் ஃபாண்ட் சிக்கல் வேரிலேயே இல்லை; '& போடு' என்று எழுதாமல் 'ஜி கிளெஃப், இரண்டாவது கோட்டில்' என்று பொருளை எழுதுகிறது. வரைவது பெறுகிறவரின் வேலை. தமிழ் வரிகள் யூனிகோடாக இருந்தால் சிபேலியஸ், டோரிக்கோ என்று எந்த மென்பொருளிலும் எழுத்தாகப் போய்ச் சேரும். பக்க அமைப்பும் கையால் நகர்த்திய இடங்களும் அப்படியே வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இரண்டு இடங்களில் இதுவும் காலை வாரும். ஸ்டாஃப் டெக்ஸ்டுக்குள் சிறப்புக் குறிகளின் பலகத்திலிருந்து இசைக்குறியை இழுத்துப் போட்டிருந்தால், எதிர்முனையில் வெறும் கட்டம் தெரியலாம். டெம்போ, டைனமிக்ஸ் எதையும் அவற்றுக்கான பேலட்டிலிருந்தே போட வேண்டும். இரண்டாவது, மியூஸ்கோருக்குள் மியூசிக்எக்ஸ்எம்எல்லைக் கொண்டுவரும்போது ப்ரிஃபரன்ஸில் இம்போர்ட் பக்கத்தில் எட்வினை எல்லாவற்றுக்கும் பூசும் ஒரு தேர்வு இருக்கிறது. அனுப்பியவர் அக்கறையாக நோட்டோ வைத்திருந்தாலும் அது அழித்துவிடும். எடுத்துவிடுங்கள்.

ஃபினாலேயில் பழைய ஸ்கோர் வைத்திருப்பவர்கள் தள்ளிப்போடக் கூடாது. 2024 ஆகஸ்டில் அதன் தயாரிப்பை நிறுத்துவதாக அதை உருவாக்கிய மேக்மியூசிக் நிறுவனம் அறிவித்துவிட்டது. நிறுவியிருக்கும் ஃபினாலே ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு பாட்டையும் மியூசிக்எக்ஸ்எம்எல்லாகவும் பிடிஎஃப்பாகவும் எடுத்து வைத்துவிட வேண்டும். முன்னது திருத்த, பின்னது, மாற்றியபோது எது தவறியது என்று ஒப்பிட்டுப் பார்க்க.

பாமினியில் வரி அடித்த பழைய ஸ்கோர்கள் தனிக்கதை. மியூசிக்எக்ஸ்எம்எல் அந்த ஆங்கில எழுத்துகளை விசுவாசமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவுதான். முதலில் மியூஸ்கோரில் டூல்ஸ் பட்டியலிலிருந்து வரிகளை கிளிப்போர்டுக்கு நகலெடுத்து, யூனிகோட் மாற்றியில் போட்டு எடுங்கள். ஒவ்வொரு அசைக்கும் இடையே சிறுகோடு இருக்கிறதா என்று சரிபாருங்கள். பழைய வரிகளை நீக்கிவிட்டு முதல் நோட்டைத் தேர்ந்து கண்ட்ரோல்+எல், பிறகு கண்ட்ரோல்+வி. ஒரு அழுத்துக்கு ஓர் அசை என்று நோட்டுக்கு நோட்டு தானே நகரும். அலுப்பான வேலைதான், ஆனால் முழுப்பாட்டையும் திரும்ப அடிப்பதைவிடப் பாதி நேரம்கூட ஆகாது.

கர்நாடக ஸ்வரங்களை ஸ்டாஃபின் கீழே தமிழில் போடுகிறவர்களுக்கு எந்த ஃபாண்டும் கை கொடுக்காத ஓர் இடம் உண்டு. மேல் ஸ்தாயிப் புள்ளியை 'ஸ' மேல் வைத்தால் அது 'ஸ்' ஆகிவிடும்; 'ரி', 'நி' மேல் வைத்தால் பல ஃபாண்டுகளில் புள்ளிவட்டம் ஒன்று முளைக்கும். தமிழில் மேற்புள்ளிக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது, யூனிகோடும் அதைத்தான் மதிக்கிறது. மேலே ஸ்டாஃபே ஸ்தாயியைக் காட்டிக்கொண்டிருக்கும்போது கீழே புள்ளி எதற்கு? விட்டுவிடலாம்.