தவக்காலத்தில் ஒன்றை விடுவதா, ஒன்றைச் சேர்ப்பதா?

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் நெருங்கும்போது பலருக்கும் இந்தக் குழப்பம் வரும். இனிப்பையோ கைபேசியையோ விட்டுவிடுவதா, இல்லை தினமும் ஒரு செபம், ஓர் இரக்கச் செயல் என்று புதிதாக ஏற்பதா? திருநீற்றுப் புதனன்றும் பெரிய வெள்ளியன்றும் 18 முதல் 59 வயது வரையுள்ள கத்தோலிக்கருக்கு நோன்பு கடமை. அது இந்தத் தேர்வில் சேராது.

தொடங்க
விடுவது: எல்லை தெளிவு, இன்றே தொடங்கலாம்.
சேர்ப்பது: 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போகும்.

சோதனை வரும்போது
விடுவது: ஆசை தலைதூக்கும் நேரம் முன்பே தெரியும். ஆனால் காலியான இடத்தை வேறொன்று பிடித்துக்கொள்ளும். கைபேசியை வைத்த கை ரிமோட்டைத் தேடும்.
சேர்ப்பது: மனம் பற்றிக்கொள்ள ஒன்று இருக்கும். பாலைவனத்தில் 40 நாள் நோன்பிருந்த இயேசு, சோதனைக்காரனுக்கு மூன்று முறையும் விவிலியத்தின் இணைச்சட்ட நூலின் வார்த்தைகளால்தான் பதில் சொன்னார். பசியோடு இறைவார்த்தையும் அவரிடம் இருந்தது. அதனால் என் மனம் இந்தப் பக்கமே சாய்கிறது.

தவறினால்
விடுவது: ஒருநாள் மீறினால் 'எல்லாம் போச்சு' என்று தோன்றும்.
சேர்ப்பது: மறுநாள் தொடரலாம்.

செலவு
விடுவதில் பணம் மிஞ்சும். அதை ஏழைக்குக் கொடுத்துவிடுங்கள்.

சரி, யாருக்கு எது? ஒரே பழக்கம் திரும்பத் திரும்பப் பாவத்தில் தள்ளினால் முதலில் அதை விடுங்கள், குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதனத்துக்கும் போங்கள். செபம் வறண்டுபோனவர்கள் சேர்ப்பதில் தொடங்கலாம். இரண்டும் முடியுமென்றால், விட்ட பழக்கத்தின் நேரத்திலேயே செபத்தை வையுங்கள்.