கூகுள் ஷீட்ஸில் கடையின் ஆண்டுத் திட்டம்: எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

சிறு கடைக்காரர் அடுத்த ஆண்டுக்கான இலக்கைப் போட்டுப் பார்க்கக் காசு கொடுத்து எந்த ஆப்பும் வாங்க வேண்டியதில்லை. ஜிமெயில் கணக்கோடு இலவசமாக வரும் கூகுள் ஷீட்ஸ் போதும். ஆனால் அதை வந்தபடியே பயன்படுத்தினால் திட்டம் தப்பாகத்தான் வரும். நம் ஊர் வியாபாரம் ஓடும் காலண்டர் அதற்குத் தெரியாது. ஒரு சின்ன ரெடிமேட் துணிக்கடையை வைத்துப் பார்ப்போம்.

முதல் வேலை அமைப்பை மாற்றுவது. கோப்பின் அமைப்புகளில் இடம் 'அமெரிக்கா' என்று இருந்தால் 'இந்தியா' ஆக்குங்கள். இல்லையென்றால் 05/04 என்று அடிக்கும் ஏப்ரல் 5, மே 4 ஆகிவிடும். 13/04 தேதியாகவே ஏறாது, வெறும் எழுத்தாக நிற்கும். பாதி ஆண்டு பதிந்த பிறகு மாற்றினால் பழைய தப்பு தப்பாகவே இருக்கும். கையால்தான் திருத்த வேண்டும்.

அடுத்து இலக்கு. 'போன வருஷத்தைவிட 20 சதவீதம் கூட' என்று எழுதுவது ஆசைதான், கணக்கு இல்லை. செலவிலிருந்து மேலே ஏறி வாருங்கள். மாத வாடகை 18,000, இரண்டு பேர் சம்பளம் 26,000, கரண்ட் 4,000, கடன் தவணை 12,000, சில்லறைச் செலவு 5,000, மொத்தம் 65,000. வீட்டுக்கு 40,000 வேண்டும் என்றால் 1,05,000. விற்பனையில் 25 சதவீதம் லாபம் நின்றால், 1,05,000-ஐ 0.25-ஆல் வகுக்க 4,20,000 வருகிறது. சராசரி பில் 700 ரூபாய் என்றால் மாதம் 600 பில். 26 நாள் கடை திறந்தால் நாளுக்கு 23 பில். இந்த 23-தான் கல்லாவில் உட்காருபவருக்குப் புரியும் இலக்கு.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 100 ரூபாய்க்கு வாங்கி 125-க்கு விற்றால் அது 25 சதவீதம் இல்லை. விற்பனை விலையில் 20 சதவீதம். அந்தக் கட்டத்தில் 0.20 போட்டால் தேவைப்படும் விற்பனை 5,25,000 ஆகிவிடும். இன்னொன்று: 700 என்பது ஜிஎஸ்டி கழித்த தொகையாக இருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள உடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18. கல்லாவில் விழும் பணத்தில் அந்தப் பங்கு உங்களுடையது இல்லை.

மாத இலக்கை எல்லா மாதத்துக்கும் ஒன்றாகப் பிரிக்காதீர்கள். ஷீட்ஸின் ஆயத்த ஆண்டு பட்ஜெட் படிவம் ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. நமக்குக் கணக்கு ஏப்ரலில் தொடங்குகிறது. ஆடி மாதமோ ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடிகிறது. ஆடித் தள்ளுபடி விற்பனை இரண்டு கட்டங்களில் பாதி பாதியாகச் சிதறிப் போகும். தீபாவளி இதைவிட மோசம். 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20, 2026-ல் நவம்பர் 8. அக்டோபரை அக்டோபரோடு ஒப்பிட்டால் கடை படுத்துவிட்டது போலவோ பறக்கிறது போலவோ தெரியும், இரண்டும் பொய்.

இதற்கு வழி ஒரே ஒரு கூடுதல் பத்தி (நெடுவரிசை). அந்த ஆண்டின் தீபாவளித் தேதியை ஒரு கட்டத்தில் வையுங்கள். அதிலிருந்து பில் தேதியைக் கழித்து 7-ஆல் வகுத்தால் 'தீபாவளிக்கு இத்தனை வாரம்' என்று வரும். போன ஆண்டின் ஆறாவது வாரத்தை இந்த ஆண்டின் ஆறாவது வாரத்தோடு பாருங்கள். ஷீட்ஸின் உண்மையான பலம் இதுதான். அச்சடித்த டைரியில் இது நடக்காது.

விற்பனைத் தாளுக்குப் பக்கத்தில் பண வரவு செலவுக்குத் தனித் தாள் வேண்டும். 2026 தீபாவளிக்கு ஆறு வாரம் முன்பு என்றால் செப்டம்பர் 27. அதற்கு இரண்டு நாள் முன், 25-ஆம் தேதி சரக்கு வந்து இறங்கினால், 30 நாள் கடனுக்கு அக்டோபர் 25-ல் பணம் கட்ட வேண்டும். பெரிய விற்பனை அப்போதுதான் சூடுபிடிக்கும். 45 நாள் என்றால் நவம்பர் 9, தீபாவளிக்கு மறுநாள். அதை ஒட்டித்தான் போனஸும், அக்டோபர் 20-ஆம் தேதி ஜிஎஸ்டியும். லாபம் இருந்தும் கையில் காசில்லாமல் நிற்பது இப்படித்தான். திருப்பூர் வியாபாரியிடம் நாள் பேசும்போது இந்தத் தாளைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். உத்யம் (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) உள்ள சிறு உற்பத்தியாளரிடம் 45 நாளுக்கு மேல் பேசச் சட்டத்தில் இடமில்லை.

குறைகள் உண்டு. போன் திரையில் பன்னிரண்டு பத்திகளைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பது கண்ணுக்கு வேதனை. தினசரி எண்ணை ஒரு கூகுள் ஃபார்ம் வழியாக வாங்கி, தாளைக் கணினியில் மட்டும் பாருங்கள். யாராவது '21500 ரூ' என்று அடித்தால் அது எண் இல்லை. கூட்டல் சத்தமில்லாமல் அதை விட்டுவிடும். இடப்பக்கம் ஒட்டி நிற்கும் எண்ணைக் கண்டால் சந்தேகப்படுங்கள், ஃபார்மிலும் அந்தப் பத்தியிலும் எண் மட்டும் ஏறும்படி தரவுச் சரிபார்ப்பு (validation) போடுங்கள். சூத்திரம் உள்ள கட்டங்களைப் பூட்டிவிடுங்கள். ஆடிட்டருக்குப் பார்க்கும் உரிமை மட்டும் போதும். 'இணைப்பு உள்ள எவரும் திருத்தலாம்' என்பதை எந்த அவசரத்திலும் தொடாதீர்கள். யாராவது கெடுத்துவிட்டால் பதிப்பு வரலாற்றில் பழைய நிலைக்குப் போகலாம் என்பது ஆறுதல்.

பில் போட, சைஸ் வாரியாக இருப்புப் பார்க்க இது லாயக்கில்லை. அதற்கு டாலி (Tally), வியாபார் (Vyapar) போன்ற பில்லிங் மென்பொருள் ஒன்றை வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை மொத்தத்தை மட்டும் இங்கே கொண்டுவாருங்கள். ஆயிரம் இரண்டாயிரம் என்று விற்கும் 'பிசினஸ் பிளானர்' ஷீட்டுகளில் வண்ணம்தான் அதிகம். வாங்குமுன் அதில் ஏப்ரலில் ஆண்டு தொடங்குகிறதா, விற்பனையும் பண வரவும் தனித்தனியாக இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.