நாட்காட்டியில் நிறமா, எழுத்தா?

கிருஷ்ணகிரி வட்டார மாங்கூழ் ஆலை ஒன்றின் அலுவலகத்தில், கொள்முதலுக்குச் சிவப்பு, சரக்கு அனுப்புதலுக்குப் பச்சை, இயந்திரப் பராமரிப்புக்குப் பழுப்பு என்று கணினி நாட்காட்டியைப் பிரித்து வைத்திருப்பதாகக் கொள்வோம். சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு உள்ள எழுத்தருக்கு இம்மூன்றும் ஏறத்தாழ ஒரே மங்கல் நிறமாகத் தெரியக்கூடும். இக்குறைபாட்டுக்குரிய மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், ஆண்களிடமே இது மிகுதி.

அவர் அலுவலகத்தில் எந்த மாற்றத்தைக் கேட்கலாம்? முதல் வழி, நிறங்களை மாற்றுவது. நீலமும் ஆரஞ்சும் பெரும்பாலோருக்குத் தெளிவாக வேறுபடும்; ஒருமுறை மாற்றினால் போதும், பதிவுதோறும் உழைப்பில்லை. ஆனால் வகைகள் ஐந்தாறைத் தாண்டினால் பிரித்தறிவது கடினமாகிறது. கறுப்பு-வெள்ளையில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டினால் பயனே இல்லை.

இரண்டாவது வழி, தலைப்பின் தொடக்கத்திலேயே வகையை எழுதுவது: "கொள்: பெங்களூரா, 2 லோடு" (பெங்களூரா ஒரு மாம்பழ வகை), "அனு: சென்னைத் துறைமுகம்". இது அச்சிலும், திரையைப் படித்துக்காட்டும் மென்பொருளிலும், தேடலிலும் நிலைத்து நிற்கிறது. கூகுள் காலண்டரில் பகிர்ந்த நாட்காட்டியின் நிறத்தை ஒவ்வொருவரும் தமக்கேற்ப மாற்றிக்கொள்ள முடியுமாதலால், "சிவப்பில் இருப்பதைப் பாருங்கள்" என்று தொலைபேசியில் சொல்வது நிறக்குறைபாடு இல்லாதவரையும் குழப்பும். "கொள் என்று தொடங்குவதைப் பாருங்கள்" என்பது யாரையும் குழப்பாது. கைபேசியின் மாதக் காட்சியில் தலைப்பு வெட்டுப்படுவதால், குறி இரண்டு மூன்று எழுத்துக்குள் அடங்க வேண்டும். எல்லோரும் தவறாமல் எழுதவும் வேண்டும்.

இணைய அணுகல் நெறிமுறையான டபிள்யூசிஏஜி, நிறத்தை மட்டுமே நம்பித் தகவல் தரக்கூடாது என்பதை அடிப்படை நிலையிலேயே வைத்திருக்கிறது. ஆகவே அந்த எழுத்தரின் இடத்தில் இருந்தால், நான் எழுத்துக் குறியையே முதலில் கேட்பேன். நிற மாற்றத்தை அதற்குத் துணையாகச் சேர்ப்பேன்.