தராசா, கைச்சுற்று நாடாவா?

புற்றுநோய்க்கு மருந்தேற்றும் பிள்ளைகளின் போசாக்கைக் கவனிக்க எங்கள் கிளினிக்கில் மூன்று வழிகள்: உயரத்துக்கேற்ற நிறை, குருதியில் அல்புமின் என்ற புரதத்தின் அளவு, மேற்கைச் சுற்றளவு. நான் முதலில் கையில் எடுப்பது நாடாவைத்தான். நிறை பார்க்காமல் விடுவதில்லை. மருந்தின் அளவைக் கணக்கிட நிறையும் உயரமும் வேண்டும். ஆனால் பிள்ளை மெலிகிறதா என்று கேட்டால், தராசை மட்டும் நம்பிப் பதில் சொல்ல மாட்டேன்.

ஏன் என்றால், இந்த நோயில் நிறையை ஏற்றுபவை பல. சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டி சில பிள்ளைகளில் ஒரு கிலோவைத் தாண்டும். பன்னிரண்டு கிலோ பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய பங்கு! வயிறு பெருக்கும், தோளும் தொடையும் கரையும், தராசு அதே எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். மருந்தோடு ஏற்றும் சேலைன் ஒரே நாளில் நிறையைக் கூட்டிவிடும். குருதிப் புற்றுநோய்ச் சிகிச்சையின் முதல் நாலு வாரத்தில் கொடுக்கும் ஸ்டெரொய்ட் இன்னும் மோசம். பசி கூடும், முகம் உப்பும், நீர் தேங்கும், தசை கரையும். "பிள்ளை தேறிட்டான்" என்று அம்மம்மா சந்தோஷப்படுவார். அந்த நேரத்தில் கையைப் பார்த்தால்தான் நிலைமை தெரியும். வயிற்றுக் கட்டி கைக்குள் வராது. அங்கே நீர் கட்டுவதும் குறைவு.

இன்னொன்று எங்களுக்கே உரியது. கொழும்புக்குப் பக்கத்து மகரகமவில் சிகிச்சை, இடையில் யாழ்ப்பாணத்தில் வீடு என்று அலையும் பிள்ளைகளை அங்கே ஒரு தராசு, இங்கே ஒரு தராசு நிறுக்கிறது. உடுப்போடு ஒரு நாள், இல்லாமல் ஒரு நாள். நாடா பையில் மடித்துப் போகும். நெடுந்தீவு வீட்டிலும் குடும்பநல உத்தியோகத்தர் அளக்கலாம்.

அளக்கும் முறைதான் முக்கியம். முழங்கையை மடித்து, தோள் எலும்பு முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவில் குறி போட வேண்டும். அப்புறம் கையைத் தளரத் தொங்கவிட்டு, தோல் அமுங்காமல் சுற்ற வேண்டும். வழக்கமாக இடது கை. மருந்தேற்றும் குழாய் (கனூலா) போட்டு வீங்கியிருந்தால் மற்றக் கை. எந்தக் கை என்று எழுதாவிட்டால் அடுத்த அளவோடு ஒப்பிட முடியாது. முடிந்தவரை ஒரே ஆள் அளப்பது நல்லது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை 115 மில்லிமீற்றருக்குக் கீழ் என்றால் கடுமையான குறைவு, 115 முதல் 125 வரை மிதமான குறைவு. இந்த நோயில் ஒரு எண்ணைவிட, அளவு தொடர்ந்து இறங்குகிறதா என்பதையே நான் பார்ப்பேன்.

அல்புமின்? தொற்று வந்தாலே இறங்கும். அஸ்பரஜினேஸ் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றினால் ஈரல் அதை உண்டாக்குவதே குறையும். நன்றாகச் சாப்பிடும் பிள்ளைக்கும் குறைந்துதான் காட்டும். போசாக்கைச் சொல்ல அதை நான் எடுப்பதில்லை.

நாடாவிலும் குறை இருக்கிறது. கையில் கொழுப்பு கூடித் தசை குறைந்தால் சுற்றளவு மாறாமல் நிற்கும். அதற்குத் தோல்மடிப்பின் தடிப்பை அளக்கும் கலிப்பர் வேண்டும்: சுற்றளவு 150, பின்கை மடிப்பு 10 மில்லிமீற்றர் என்றால், 10-ஐ 3.14-ஆல் பெருக்கிக் கழிக்க, தசைச் சுற்று கிட்டத்தட்ட 119. கலிப்பரில் எனக்குக் கை பழகவில்லை; என் அளவுகள் ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் ஆடுகின்றன. ஐந்து வயதைத் தாண்டினால் வயதுவாரி அட்டவணை வேண்டும். பதின்ம வயதினரை அதிகம் அளந்ததில்லை; அவர்களுக்கு உயரத்தையும் நிறையையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறேன்.