ஓஷனா, பைதானா? சிமுலேஷன் முடிவுகளை எடுக்க நாங்கள் தேர்ந்த வழி

பெங்களூரு மாரத்தஹள்ளியில் எங்களுடையது ஏழு பேர் கொண்ட சின்ன அனலாக் சர்க்யூட் டிசைன் டீம். போன வருடம் ஒரு எல்டிஓ ரெகுலேட்டர் (மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் சர்க்யூட்) முடியும் தறுவாயில் 45 கார்னர், அதாவது 45 விதமான சூழல்களில் சிமுலேஷன், ஓட்ட வேண்டியிருந்தது: 5 ப்ராசஸ், 3 வெப்பநிலை, 3 சப்ளை. ஒவ்வொன்றையும் திறந்து கர்சர் வைத்துப் படிப்பது நடக்கிற காரியம் இல்லை. ஸ்கிரிப்ட் வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை, எதில் எழுதுவது, கேடன்ஸ் டூல்களோடு வரும் ஓஷன் ஸ்கிரிப்ட் மொழியிலா, பைதானிலா என்பதில்தான் பேச்சு நீண்டது. எங்கள் முக்கிய வேலை கேடன்ஸ் நிறுவனத்தின் ஸ்பெக்டர் சிமுலேட்டரில். ஒரு கிளையன்ட் எச்ஸ்பைஸ் கேட்கிறார், போர்டு டிசைன் செய்பவர்கள் எல்டிஸ்பைஸ், இன்டர்ன்கள் ஸ்கைவாட்டர் 130 என்ற திறந்த சிப் ப்ராசஸை வைத்து என்ஜிஸ்பைஸில் பழகுகிறார்கள்.

எச்ஸ்பைஸ் பக்கம் சொல்ல அதிகம் இல்லை. நெட்லிஸ்டிலேயே (சர்க்யூட்டை விவரிக்கும் டெக்ஸ்ட் கோப்பு) .measure என்ற அளவீட்டுக் கட்டளையை எழுதிவிட்டால் விடை .mt0 போன்ற கோப்பில் டெக்ஸ்டாக வந்துவிடும். என்ன அளக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தால் இதைவிட எளிய வழி கிடையாது.

ஓஷனை அப்படிக் கடந்து போக முடியாது. openResults, selectResult என்று இரண்டு வரி எழுதினால் முடிவுகள் கைக்கு வந்துவிடும். அப்புறம் phaseMargin, bandwidth, cross எல்லாம் தயாராகவே இருக்கின்றன. கேடன்ஸின் ஏடிஇ (சிமுலேஷனை அமைக்கும் இடம்) ஜன்னலில் செட்டப் செய்ததை அப்படியே ஓஷன் ஸ்கிரிப்டாகச் சேமிக்கவும் முடியும். டீம் முழுக்க கேடன்ஸிலேயே இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனாலும் நாங்கள் பைதானுக்குப் போனோம். காரணம் பராமரிப்பு. முன்பு எங்களோடு இருந்த ஒருவர் நானூறு வரியில் நல்ல ஓஷன் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி வைத்திருந்தார். அவர் வேறு வேலைக்குப் போன பிறகு அதைத் தொட யாருக்கும் தைரியம் வரவில்லை. ஓஷனுக்கு அடிப்படையான ஸ்கில் மொழி, லிஸ்ப் என்ற பழைய நிரல் மொழியின் வழி வந்தது. கல்லூரி முடித்து வருகிற பிள்ளைகளுக்குப் பைதான் தெரியும், ஸ்கில்லை இங்கே வந்துதான் பார்க்கிறார்கள். ஒருநாள் ஸ்கீமேட்டிக்கில் (சர்க்யூட் வரைபடத்தில்) ஒரு நெட்டின், அதாவது இணைப்பின், பெயர் மாறியது. ஸ்கிரிப்ட் nil (ஒன்றுமில்லை) என்று வாங்கிக்கொண்டு அட்டவணையில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டது. எங்கே என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. பைதானிலும் இதே தப்பு நடக்கலாம், ஆனால் அங்கே திறந்து பார்த்துச் சரிசெய்ய எங்களில் ஏழு பேராலும் முடியும்.

இப்போதைய அமைப்பில் இரண்டு அடுக்கு. கீழே, ஒவ்வொரு டூலுக்கும் கோப்பைப் படிக்கிற ஒரு சின்ன ஃபங்ஷன். எந்தக் கோப்பாக இருந்தாலும் அது திருப்பித் தருவது நேர வரிசையும், சிக்னல் பெயரோடு மதிப்பு வரிசையும் மட்டுமே. மேலே, எல்லாவற்றுக்கும் பொதுவான அளவீடுகள். டூல் மாறினால் கீழ் அடுக்கில் மட்டும்தான் வேலை.

ஸ்பெக்டருக்கு -format psfascii என்று கொடுத்து ஓட்டுகிறோம். அதைப் படிக்க psf_utils என்ற இலவச பைதான் தொகுப்பு இருக்கிறது. எழுதியவர் கென் குண்டர்ட், ஸ்பெக்டரை உருவாக்கியவரே அவர்தான். அது டெக்ஸ்ட் வடிவ பிஎஸ்எஃப்-ஐத்தான் (ஸ்பெக்டரின் முடிவுக் கோப்பு வகை) படிக்கும். கோப்பு பெருத்துவிடும், ஆகவே எல்லா நோடையும் சேமிக்காமல் தேவையானதை மட்டும் சேமிக்கப் பழக வேண்டும்.

என்ஜிஸ்பைஸ் raw கோப்பு சுலபம்: தலைப்பு டெக்ஸ்டில், அதன் பிறகு வரிசையாக 8 பைட் எண்கள். எல்டிஸ்பைஸ் raw அதே முகத்தோடு வந்து ஏமாற்றும். அதன் புதிய பதிப்புகளில் தலைப்பு யுடிஎஃப்-16-ல் இருக்கும். டிரான்சியன்ட்டில் (நேரத்தோடு மாறுவதைப் பார்க்கும் சிமுலேஷனில்) நேரம் 8 பைட், மற்றவை வழக்கமாக 4 பைட். கம்ப்ரஷன் இருந்தால் சில நேரப் புள்ளிகள் மைனஸ் குறியோடு வரும். எங்கள் இன்டர்ன் போட்ட கிராஃபில் கோடு பின்னால் ஓடித் திரும்பியது இதனால்தான். குறியை நீக்கி எடுத்ததும் சரியானது. எஃப்எஃப்டி (அதிர்வெண்களாகப் பிரித்துப் பார்ப்பது) பார்ப்பவர்கள் .options plotwinsize=0 போட்டு கம்ப்ரஷனையே நிறுத்திவிடுவது நல்லது.

பைதானில் எங்களுக்கு விழுந்த பெரிய அடியையும் சொல்லிவிடுகிறேன். ஓசூரிலிருந்து தினம் வந்து போகிற ஜூனியர் ஒருநாள், "அண்ணா, சராசரி கரண்ட் 190 மைக்ரோஆம்ப் காட்டுது, 40 தானே வரணும்?" என்று வந்து நின்றான். சர்க்யூட்டில் குறையே இல்லை. பைதானின் நம்பை தொகுப்பிலுள்ள np.mean (வெறும் சராசரி) போட்டிருந்தோம், அதுதான் தப்பு. சிமுலேட்டர் சம இடைவெளியில் புள்ளி வைப்பதில்லை. கிளாக் மாறும் இடத்தில் பைக்கோசெகண்டுக்கு ஒன்றாக நெருக்கி வைக்கும், அமைதியான இடத்தில் நீளமாகத் தாண்டிவிடும். புள்ளிகளைக் கூட்டி வகுத்தால் ஸ்விட்ச்சிங் சமயத்து கரண்ட்தான் எண்ணிக்கையில் மிகும். நேரத்தின் மேல் தொகையீடு செய்து, மொத்த நேரத்தால் வகுக்க வேண்டும். ஓஷனின் average இதைச் சரியாகவே செய்கிறது, பைதானில் நாம் செய்ய வேண்டும். அதற்கு நாங்கள் வைத்திருந்த np.trapz கூட நம்பை 2.0-ல் np.trapezoid என்று மாறியது. பைதானுக்கும் பராமரிப்பு உண்டுதான், ஆனால் இந்த மாற்றம் எங்களுக்கு ஒரே ஒரு வரியில் முடிந்தது.

ஆர்எஃப் (ரேடியோ அதிர்வெண்) வேலைக்கு இதையே செய்யுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்குரிய பிஎஸ்எஸ், பிநாய்ஸ் சிமுலேஷன்களை நான் அதிகம் ஓட்டியதில்லை. எங்கள் டீமில் அதைச் செய்யும் இருவரும் ஓஷனிலேயே இருக்கிறார்கள், அவர்களை மாறச் சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

ஓஷனை நாங்களும் முழுக்க விட்டுவிடவில்லை. பைதானில் புதிதாக ஒரு அளவீடு எழுதினால், ஒரே ஒரு கார்னரை எடுத்து அதே அளவீட்டை ஓஷனிலும் பார்க்கிறோம். மூன்று இலக்கம் வரை இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் மற்ற 44-க்கும் அதை ஓட்டுகிறோம்.